காசு கொடுத்து வாங்கியவன்தான் சந்தேகக் கேஸ்!

இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு பாட்டு சிடி, வாங்கியவர்களின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து செய்த அட்டகாசம் இது. சிடிகள் போய்விட்டன. அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

மார்க் ருசினோவிச்சுக்கு விண்டோஸ் அத்துப்படி. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்காமலே, விண்டோஸின் உட்புறம் பற்றி மைக்ரோசாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட புத்தகத்தை எழுதியவர்களில் ஒருவர். சிஸ்இன்டர்னல்ஸ் என்ற பெயரில் விண்டோஸைக் குடைந்து பார்க்கும் கருவிகளை எழுதி இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2005 அக்டோபர் கடைசியில், ரூட்கிட் ரிவீலர் என்ற தன் கருவியின் புதுப் பதிப்பைச் சொந்த கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டர், அதற்குள் சில டிரைவர்கள், தனக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ரோகிராம்.

கண்ட இடத்திலிருந்து கண்டதையும் இறக்குகிற ஆள் இல்லை அவர். எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போனதில், ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பெயர் அகப்பட்டது. இசை நிறுவனங்களுக்கு சிடி காப்பி தடுப்பு சாஃப்ட்வேர் செய்து கொடுப்பவர்கள். அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. வான் ஸாண்ட் சகோதரர்களின் 'கெட் ரைட் வித் தி மேன்' என்ற சிடியை அமேசானில் வாங்கியிருந்தார். வெளியிட்டது சோனி பிஎம்ஜி. கம்ப்யூட்டரில் போட்டால் அந்த சிடியோடு வரும் ப்ளேயரில்தான் பாட்டு கேட்க முடியும், மூன்று பிரதிக்கு மேல் எடுக்க முடியாது. அந்த ப்ளேயரை நிறுவியபோது கூடவே வந்து குடியேறியதுதான் இது.

அக்டோபர் 31 அன்று கண்டதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதி வெளியிட்டார். அடுத்த சில வாரங்களில் நடந்தது, சாஃப்ட்வேர் விற்கிறவர்களும் பாட்டு விற்கிறவர்களும் வாடிக்கையாளரை உள்ளூர என்னவாக நினைக்கிறார்கள் என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி.

பட்டியலில் இல்லாத ஃபைல்

ரூட்கிட் என்பது தன்னளவில் வைரஸ் இல்லை. எதையாவது கண்ணில் படாமல் மறைத்து வைக்கிற சாஃப்ட்வேர். கம்ப்யூட்டரில் எந்த ப்ரோகிராமும் ஹார்ட் டிஸ்க்கைத் தானாகப் போய்ப் பார்ப்பதில்லை. இந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேட்டு, அது சொல்வதை நம்பிக்கொள்கிறது. சோனி சிடியில் இருந்த எக்ஸ்சிபி என்ற சாஃப்ட்வேர், ஏரீஸ் என்ற டிரைவரை அந்த கெர்னலுக்குள்ளேயே உட்கார வைத்து, வெளியே போகும் பதில்களைத் திருத்தியது. தாலுகா ஆபீஸில் போய்க் கேட்கிறோம், அப்படி ஒரு சர்வே நம்பரே ரிஜிஸ்டரில் இல்லை என்கிறார் கிளார்க். நிலம் அங்கேயேதான் கிடக்கிறது. ரிஜிஸ்டரைப் புரட்டுகிற ஆளைக் கைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஆன்டிவைரஸும் அதே கிளார்க்கிடம்தான் கேட்டாக வேண்டும்.

மறைக்க வேண்டியவற்றுக்கு ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். பெயரின் தொடக்கத்தில் ஒரு டாலர் குறி, 'சிஸ்' என்ற எழுத்துகள், மறுபடி ஒரு டாலர் குறி. இப்படித் தொடங்கும் எந்த ஃபைலும் ஃபோல்டரும் ப்ரோகிராமும் கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பின்னணியில் ஓடும் வேலைக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: 'ப்ளக் அண்ட் ப்ளே டிவைஸ் மேனேஜர்'. பார்ப்பவர்கள் விண்டோஸோடு வந்தது என்றே நினைத்துக்கொள்வார்கள். பாட்டு கேட்கிறோமோ இல்லையோ, சிடி டிரைவில் இருக்கிறதோ இல்லையோ, ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ரோகிராமின் ஃபைலையும் இரண்டு விநாடிக்கு ஒரு தரம் அது நோட்டம் விட்டபடி இருந்தது. கம்ப்யூட்டர் ஏன் மந்தமாக இருக்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு இது காரணமோ.

சரி, அழித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்கான வழி எதுவும் இல்லை. அன்இன்ஸ்டால் பட்டியலில் அதன் பெயர் கிடையாது. ருசினோவிச் கையாலேயே அழித்தார். ரீபூட் செய்தபோது சிடி டிரைவே காணாமல் போயிருந்தது. டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தன்னைக் கோத்துக்கொண்டிருந்தது அந்த சாஃப்ட்வேர். பிடுங்கினால் கூடவே டிரைவும் வந்துவிடும். ரிஜிஸ்ட்ரியில் கைவைத்துத்தான் அவரால் அதை மீட்க முடிந்தது. சாதாரண ஆள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். ஃபார்மட் அடிக்கச் சொல்லியிருப்பார்கள்.

சோனி பிஎம்ஜியின் டிஜிட்டல் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸி நவம்பர் 4 அன்று அமெரிக்கப் பொது வானொலியில் பேசினார். ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலானோருக்குத் தெரியாது, அப்படியிருக்க அவர்கள் எதற்காக அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று கேட்டார். தெரியாதுதான். தெரியக்கூடாது என்றுதானே வைத்தார்கள்.

பெயரை மாற்றினால் போதும்

இந்தத் திரைக்குப் பின்னால் யார் போய் நிற்கிறார்கள் என்று அது பார்க்கவே இல்லை. பெயர் அந்த எழுத்துகளில் தொடங்கினால் சரி, மறைத்துவிடும். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களுக்குத்தான் இது முதலில் உறைத்தது. தங்கள் குறுக்குவழி ப்ரோகிராமுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். விளையாட்டின் காவல் ப்ரோகிராமுக்கு அது தெரியாமல் போனது. நவம்பர் 10 வாக்கில் அதே உபாயத்தோடு நிஜமான ட்ரோஜன் ஒன்று மின்னஞ்சலில் கிளம்பியது. திரை கட்டிக் கொடுத்தது சோனி, பின்னால் ஒளிந்தது யாரோ.

அன்இன்ஸ்டால் கதை அதைவிடக் கேவலம். முதலில் ஒரு 'அப்டேட்' கொடுத்தார்கள். மூன்றரை எம்பி, திரையை மட்டும் விலக்கியது, மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. முழுதாக நீக்க வேண்டுமானால் சோனி தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும், மின்னஞ்சல் முகவரி தர வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் வந்து சேர்ந்தது ஓர் ஆக்டிவ்எக்ஸ் துணுக்கு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட் ஃபெல்டனும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேனும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். நீக்கும் வேலை முடிந்த பிறகும் அது கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டது. எந்த இணையதளம் கூப்பிட்டு 'இதை இறக்கி ஓட்டு' என்று சொன்னாலும், சொன்னது யார் என்று கேட்காமல் அது ஓட்டிவிடும். ரூட்கிட்டோடு இருந்தவரைவிட, அதை ஒழுங்காக நீக்கிக்கொண்டவர் அதிக ஆபத்தில் இருந்தார்.

எத்தனை கம்ப்யூட்டர்கள் மாட்டின? எக்ஸ்சிபி இருந்த ஆல்பங்கள் 52. தயாரித்த சிடிகள் ஏறக்குறைய 47 லட்சம், விற்றவை 21 லட்சம். டான் கமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வேறு வழியில் கணக்கெடுத்தார். அந்த ப்ளேயர் பாட்டு போடும்போதெல்லாம் சோனியின் சர்வருக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததால், அந்த சர்வரின் முகவரி இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும், உலகெங்கும் உள்ள டிஎன்எஸ் சர்வர்களின் நினைவில் பதிந்திருந்தது. தேடியதில் 5,68,200 டிஎன்எஸ் சர்வர்கள் சிக்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்ப்யூட்டராவது இருந்திருக்கும், நூறும் இருந்திருக்கலாம்.

பட்டியலில் வெறும் ராக் பாட்டுகள் மட்டும் இல்லை. செலின் டியான் இருக்கிறார், நீல் டைமண்ட் இருக்கிறார். டெக்ஸ்டர் கார்டன், ஹோரஸ் சில்வர் மாதிரி ஜாஸ் மேதைகளின் பழைய பதிவுகளும் இருக்கின்றன. ஐம்பது வருடப் பழைய ஜாஸைத் தேடிப் பிடித்து, கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்குகிறவரா திருடப் போகிறார்? ஸ்விட்ச்ஃபுட் இசைக்குழுவின் டிம் ஃபோர்மேனுக்கு இந்த விஷயம் பொறுக்கவில்லை. ருசினோவிச் எழுதுவதற்கு முன்பே, தங்கள் சிடியின் பூட்டை எப்படித் தாண்டுவது என்று ரசிகர்களுக்கு அவரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கேட்டைப் பூட்டுவது யாருக்காக?

சோனியின் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1982-ல் சிடி சந்தைக்கு வந்தபோது அதில் பூட்டு என்று எதுவும் வைக்கவில்லை, வைக்க அவசியமும் இருக்கவில்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகள், இரண்டு சேனல்; ஒரு நிமிடப் பாட்டுக்கே சுமார் 10 எம்பி. அன்றைய வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கே மொத்தமாக அவ்வளவுதான் இருக்கும், அதுவும் இருந்தால். பிறகு எம்பி3 வந்து அதைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியது. 1999-ல் நாப்ஸ்டர் வந்தது. பாட்டு விற்றுப் பிழைத்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இங்கேகூட 2004-ல் திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்களே, அதே காலம்.

ஆனால் பூட்டு போட முடியாத இடத்தில் பூட்டு போடப் பார்த்தார்கள். காரில், வீட்டில் இருக்கும் பழைய சிடி ப்ளேயரிலும் ஓட வேண்டும் என்றால் பாட்டு எப்போதும் போலத் திறந்துதான் இருக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டரை மட்டும் எப்படித் தடுப்பது? 2002 வாக்கில் ஐரோப்பாவில் சிடியின் விளிம்பில் தப்பான தகவலை எழுதிப் பார்த்தார்கள். செலின் டியானின் ஒரு சிடியைப் போட்ட மேக் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. பிள்ளைகள் மார்க்கர் பேனாவால் விளிம்பில் ஒரு கோடு இழுத்து அந்தப் பூட்டைத் திறந்தார்கள். சிடியைக் கண்டுபிடித்த நிறுவனங்களில் ஒன்றான பிலிப்ஸ், இதெல்லாம் காம்பாக்ட் டிஸ்க்கே அல்ல, எங்கள் முத்திரையைப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது.

அடுத்த யோசனை ஆட்டோரன். விண்டோஸ் 95-லிருந்து இருக்கும் வசதி: சிடியைப் போட்டதும் அதிலிருக்கும் ப்ரோகிராம் தானாக ஓடும். அதன் வழியே ஒரு டிரைவரை உள்ளே அனுப்பி, காப்பி எடுக்க முயலும்போது சத்தத்தைக் கெடுத்துவிடலாம். 2003-ல் சன்காம் என்ற நிறுவனத்தின் மீடியாமேக்ஸ் இப்படித்தான் வேலை செய்தது. மேலே சொன்ன அதே ஹால்டர்மேன், சிடி போடும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஆட்டோரன் ஓடாது, பூட்டும் விழாது என்று எழுதினார். விண்டோஸ் உதவிக் குறிப்பிலேயே இருக்கும் விஷயம். சன்காமின் பங்கு விலை சரிந்தது. 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போடப் போவதாக மிரட்டிய நிறுவனம், ஊர் சிரித்ததும் மறுநாளே பின்வாங்கியது. ஷிஃப்ட் கீயை அழுத்தியதற்காக ஒரு மாணவன்மேல் வழக்கு! அதே சன்காமின் மீடியாமேக்ஸைத்தான் பிற்பாடு சோனி பிஎம்ஜி வேறு பல சிடிகளில் போட்டது. அதில் கூடுதல் சிறப்பு ஒன்று: ஒப்பந்தத்துக்குச் 'சம்மதமில்லை' என்று அழுத்தினாலும் பல ஃபைல்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். மேக் வைத்திருப்பவரைத் தடுக்காது. லினக்ஸ்காரரைத் தடுக்காது. ஷிஃப்ட் கீ தெரிந்தவரைத் தடுக்காது. ஊரில் ஒரே ஒருவர் பூட்டை உடைத்து நெட்டில் ஏற்றிவிட்டால் போதும், அதை இறக்குகிற லட்சம் பேருக்கு ரூட்கிட் இல்லாத சுத்தமான எம்பி3 கிடைத்துவிடும். மாட்டுவது யார்? கடையில் காசு கொடுத்து வாங்கி, சொன்னபடி 'சம்மதம்' பட்டனை அழுத்தியவர் மட்டும். நேர்மையாளருக்கு மட்டுமே தண்டனை தரும் இப்படியொரு ஏற்பாட்டை வேண்டுமென்றே யோசித்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

ஆட்டோரனை நம் ஊர்க்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். பிரவுசிங் சென்டர்களும் ஜெராக்ஸ் கடைகளும் பென் டிரைவில் ஓடிய நாட்களில், ஃபோல்டர் படத்தை மாட்டிக்கொண்டு 'நியூ ஃபோல்டர்' என்ற பெயரில் ஒரு எக்ஸ்இ ஃபைல் ஊரெல்லாம் சுற்றியது. டாஸ்க் மேனேஜர் திறக்காது, மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னாலும் காட்டாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரின்ட் எடுக்கப் போன கல்லூரிப் பிள்ளைகள் வைரஸோடு வீடு திரும்பினார்கள். 2008-ல் கான்ஃபிக்கர் என்ற வார்ம் இதே வழியையும் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் விழித்துக்கொண்டு பழைய விண்டோஸ்களிலும் பென் டிரைவ் ஆட்டோரனை அணைத்தது 2011-ல்.

வீட்டில் திருடு போனால்

அந்த 'சம்மதம்' பட்டனுக்கு மேலே இருந்த ஒப்பந்தம் சுமார் 3,000 வார்த்தைகள். யாரும் படித்திருக்க மாட்டார்கள். எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பின் வக்கீல்கள் உட்கார்ந்து படித்தார்கள். வீட்டில் திருடு போய் ஒரிஜினல் சிடி களவாடப்பட்டால், லேப்டாப்பில் இருக்கும் பாட்டையும் நீங்கள் அழித்துவிட வேண்டும். ஏனென்றால் ஒரிஜினல் இப்போது உங்களிடம் இல்லை. திவாலாகிப்போனாலும் அழிக்க வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்திருக்கக் கூடாது. அவர்களால் உங்களுக்கு என்ன நஷ்டம் வந்தாலும் அதிகபட்சம் 5 டாலருக்குத்தான் பொறுப்பு. இவ்வளவையும் எழுதியவர்கள், கெர்னலுக்குள் திரை கட்டப் போவதை மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. பிறர் படைப்பைக் காப்பி அடிக்காதே என்று மிரட்ட வந்த அந்த சாஃப்ட்வேருக்குள்ளேயே, லேம் போன்ற கட்டற்ற மென்பொருள்களின் கோட் துண்டுகள் உரிய அறிவிப்பு இல்லாமல் எடுத்துப் போடப்பட்டிருந்தன. அதில் ஒரு பகுதி ஜான் யோஹான்சன் எழுதியது. டிவிடி பூட்டை உடைத்ததற்காக நார்வேயில் வழக்குப் போட்டு இழுக்கப்பட்டு, விடுதலையான அதே 'டிவிடி ஜான்'.

இத்தனைக்கும் ஆன்டிவைரஸ் கம்பெனிகள் என்ன செய்துகொண்டிருந்தன? பின்லாந்தின் எஃப்-செக்யூர் அக்டோபர் தொடக்கத்திலேயே விஷயம் தெரிந்து, சோனியிடம் பேசிக்கொண்டிருந்தது. வெளியே சொல்லவில்லை. பெரிய பெயர்கள் பலவும் கண்டுபிடிக்கவே இல்லை. விஷயம் வெளியே வந்த பிறகும் திரையை மட்டும் விலக்கிக் காட்டிவிட்டு நின்றன. முகம் தெரியாத ஒருவன் செய்திருந்தால் மறுநாளே வைரஸ் பட்டியலில் ஏற்றியிருப்பார்கள். இங்கே செய்தது பெரிய இடம். வருடா வருடம் ரெனியூவல் கட்டுகிறோமே, அது எதற்காக என்று இந்த ஒரு விவகாரத்தை வைத்துத் தாராளமாகக் கேட்கலாம்.

சோனி நவம்பர் நடுவில் சிடிகளைத் திரும்பப் பெற்றது. 21-ம் தேதி டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் கிரெக் அபாட், அந்த ஆண்டுதான் வந்த ஸ்பைவேர் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார். பொதுமக்கள் போட்ட வழக்குகள் சமரசத்தில் முடிந்தன: பழைய சிடிக்குப் பதில் சுத்தமான சிடி, கூடவே ஏழரை டாலரும் ஓர் ஆல்பமும், அல்லது மூன்று ஆல்பம். மாநிலங்களுக்குக் கட்டியது சில பத்து லட்சம் டாலர்கள். 2007 ஜனவரியில் மத்திய வர்த்தக ஆணையம், கம்ப்யூட்டர் பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை கொடுக்கச் சொன்னது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. இதையே ஒரு இருபது வயதுப் பையன் தன் வீட்டு அறையிலிருந்து ஐந்து லட்சம் கம்ப்யூட்டர்களுக்குச் செய்திருந்தால் எஃப்பிஐ வாசலில் நின்றிருக்கும்.

அன்றைக்குப் பேசியவர்களில் எனக்குப் பிடித்தது அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஸ்டூவர்ட் பேக்கர் சொன்னது. சோனி பெயரைச் சொல்லாமல் சொன்னார்: படைப்புரிமை உங்களுடையதாக இருக்கலாம், கம்ப்யூட்டர் உங்களுடையது இல்லை.

பூட்டு இடம் மாறியது

பாட்டுக் கம்பெனிகள் அதற்குப் பிறகு இறங்கி வந்தன. 2007 மே மாதத்தில் இஎம்ஐ முதலில் பூட்டில்லாத பாட்டை ஆப்பிள் கடையில் விற்றது. நான்கு பெரிய நிறுவனங்களில் கடைசியாக வழிக்கு வந்தது, 2008 ஜனவரியில், சோனி பிஎம்ஜி. 2009-ல் ஐட்யூன்ஸ் முழுக்கவே பூட்டில்லாமல் ஆனது. காசு கொடுத்தால் ஃபைல் நம்முடையது என்று இருந்தது அந்தச் சில வருடங்கள்தான்.

ஸ்ட்ரீமிங் வந்ததும் பூட்டு திரும்பி வந்தது, இந்தத் தடவை நாமே கதவைத் திறந்துவிட்டோம். ஸ்பாட்டிஃபையில் டவுன்லோடு செய்யும் பாட்டு அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் ஓடாது. 30 நாளுக்கு ஒரு தரமாவது நெட்டுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும். சந்தா நின்றால் அதுவும் நிற்கும். ஏர்டெல்லின் விங்க் மியூசிக்கை 2024-ல் மூடினார்கள். வருடக்கணக்காக அதில் இளையராஜாவையும் ரஹ்மானையும் பொறுக்கிப் பொறுக்கிப் பட்டியல் போட்டு வைத்திருந்தவர்கள் வேறு ஆப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. கேசட் காலத்தில் ஏவிஎம்மோ சங்கீதாவோ வீட்டுக்கு வந்து கேசட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனதில்லை. ஆனாலும் இதை நான் ரூட்கிட்டோடு சேர்க்க மாட்டேன். என்ன விற்கிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிகிறது. வேண்டாம் என்றால் ஆப்பைத் தூக்கிவிடலாம், போனின் உறுப்பு எதுவும் கூடவே கழன்று வராது.

கெர்னலுக்குள் போய் உட்காரும் ஆசைதான் அப்படியே இருக்கிறது. 2016-ல் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5' விளையாட்டில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க ஒரு டிரைவரை அப்டேட்டில் அனுப்பியது. கம்ப்யூட்டரில் இருக்கும் எந்த ப்ரோகிராமும் அதைப் பிடித்துக்கொண்டு கெர்னலுக்குள் தன் கோடை ஓட்டலாம் என்று ஆட்கள் உடனே கண்டுபிடித்ததும் திரும்பப் பெற்றது. 2024 ஜூலை 19 அன்று, பாதுகாப்புக்கென்றே காசு கொடுத்து வாங்கிய கிரவுட்ஸ்ட்ரைக்கின் தவறான அப்டேட் ஒன்று, கெர்னலில் ஓடும் அதன் டிரைவர் வழியே, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த டிரைவரை யாரும் ஒளித்து வைக்கவில்லை, கெட்ட நோக்கமும் இல்லை. ஆனால் அந்த ஆழத்தில் ஒருவரை உட்கார வைத்தால், அவர் தடுக்கி விழும்போது கம்ப்யூட்டரும் சேர்ந்து விழுகிறது.

ருசினோவிச்சின் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2006-ல் வாங்கியது. அவர் இப்போது அங்கே அஷூர் பிரிவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. கருவிகள் இன்னும் இலவசம். கம்ப்யூட்டர் திறந்ததும் என்னென்ன தானாக ஓடுகிறது என்று பார்க்க 'ஆட்டோரன்ஸ்' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது, தாராளமாக இறக்கிக்கொள்ளலாம். அந்த 52 ஆல்பங்களின் பழைய சிடிகளும் செகண்ட் ஹேண்டில் இன்னமும் கைமாறுகின்றன. சாதாரண சிடி ப்ளேயரில் நன்றாகவே பாடும். இன்றைய 64 பிட் விண்டோஸில் அந்த டிரைவர் ஏறாது. பழைய எக்ஸ்பி மெஷினை இன்னும் வைத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும், சிடியைத் தள்ளும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொள்ளவும்.